புரோத்தன் தெரியாத காலத்தில் மெண்டலீவ் எப்படிச் சரியாக அடுக்கினார்?

மஸ்கெலியாப் பக்கமிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ருஷ்ய இரசாயனவியலாளர் மெண்டலீவ் 1869இல் மூலகங்களை அணுத்திணிவின் (அணுவின் நிறையின்) வரிசையில் ஆவர்த்தன அட்டவணையாக அடுக்கினார், இன்று நாம் அணு எண்ணின், அதாவது அணுக்கருவில் உள்ள புரோத்தன்களின் எண்ணிக்கையின், வரிசையில் அடுக்குகிறோம். புரோத்தன் என்று ஒன்று இருப்பதே தெரியாத காலத்தில் போட்ட அட்டவணை எப்படி இவ்வளவு சரியாக வந்தது, அதிர்ஷ்டமா? கூடவே, இந்தக் கண்டுபிடிப்புகளில் நம் நாட்டுக்கு ஏதாவது தொடர்பு உண்டா என்றும் கேட்கிறார். இரண்டு கேள்வியாக எழுதியிருந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: ஒரு மூலகத்தை இன்னொரு மூலகத்திலிருந்து வேறுபடுத்துவது எது? இதற்கு விஞ்ஞானிகள் சொன்ன பதில் காலத்தோடு மாறியிருக்கிறது. கடைசியாக மாறியபோது சாட்சியாக நின்ற பொருள்களில் சப்ரகமுவ மலையடிவாரத்துக் கற்களும் இருந்தன. அதனால்தான் இதைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் பண்டாரவளையில் பல வருடங்களாக உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பித்து வருகிறேன். பேராதனையில் படித்ததும் இரசாயனவியல்தான், விஞ்ஞான வரலாறு அல்ல. மெண்டலீவின் ருஷ்யக் கட்டுரைகளை மூல மொழியில் படித்தவனும் அல்ல. ஆகவே, கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய விடயங்களை உறுதியாகவும், வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருப்பவற்றை அப்படியே சொல்லியும் எழுதுகிறேன்.

முதல் பதில், 'இதற்கு மேல் பிரிக்க முடியாதது மூலகம்' என்பது. 1789இல் லவோசியே வெளியிட்ட பட்டியலில் 33 எளிய பொருள்கள் இருந்தன. ஒட்சிசன், ஐதரசன், கந்தகம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் ஒளியும் வெப்பமும் கூட உண்டு, சுண்ணாம்பும் உண்டு. சுண்ணாம்பை அன்று யாராலும் பிரிக்க முடியவில்லை, அதனால் அது மூலகம். 1807இல் ஹம்ப்ரி டேவி உருகிய பொட்டாஷ் காரத்தினூடாக மின்னோட்டத்தைச் செலுத்திப் பொட்டாசியத்தைப் பிரித்தார், அடுத்துச் சோடியத்தை. மறு வருடம் சுண்ணாம்பிலிருந்து கல்சியமும் வந்துவிட்டது. அதாவது அந்தப் பதில் பொருளின் இயல்பைச் சொல்லவில்லை, பிரிப்பவரின் கையில் இருந்த கருவியைத்தான் சொன்னது.

இதற்கு இலங்கையிலிருந்தே நல்ல உதாரணம் இருக்கிறது. லவோசியேயின் பட்டியல் வந்த அதே 1789இல், பெர்லினில் மார்ட்டின் கிளப்ரோத் இலங்கையிலிருந்து போன சிர்க்கோன் கல்லைப் பகுத்துப் பார்த்தார். இரத்தின வியாபாரத்தில் நிறமற்ற சிர்க்கோனை மாத்தறை வைரம் என்பார்களே, அந்த இனத்துக் கல்தான். அதில் தெரிந்த எந்த ஒட்சைட்டுடனும் பொருந்தாத புதிய ஒட்சைட்டு ஒன்று இருந்தது. சிர்க்கோனியம் என்ற மூலகத்தின் வரலாறு அங்கே தொடங்குகிறது. ஆனால் கிளப்ரோத் உலோகத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. அதை 1824இல் தான் பெர்சீலியஸ், அதுவும் தூய்மையற்ற தூளாக, பிரித்தெடுத்தார். அப்படியானால் கண்டுபிடித்தவர் யார்? வழக்கப்படி கிளப்ரோத் என்று எழுதுகிறோம். 'கண்டுபிடிப்பு' என்றால் புதியது என்று இனங்காண்பதா, தனியாகப் பிரிப்பதா என்பதில் இன்றுவரை ஒரே அளவுகோல் இல்லை. ஒட்சிசனுக்கும் இதே தகராறுதான்: ஷீலே முதலில் தயாரித்தார், பிரீஸ்ட்லி முதலில் வெளியிட்டார், லவோசியே தான் அது என்ன என்று விளங்கிக்கொண்டார். பரீட்சைக்கு ஒரு பெயரை எழுதித்தான் ஆகவேண்டும், ஆனால் மூன்று பெயரையும் தெரிந்து வைத்திருங்கள்.

சிர்க்கோன் கதை அத்தோடு முடியவில்லை. இயற்கைச் சிர்க்கோன் எல்லாவற்றிலும் சில வீதம் இன்னொரு மூலகம் கலந்திருக்கிறது. இரசாயனக் குணத்தில் சிர்க்கோனியத்தோடு அவ்வளவு ஒட்டிப்போவதால் 134 வருடங்களாக ஒருவர் கண்ணிலும் படவில்லை. 1923இல் கோப்பன்ஹேகனில் கொஸ்டரும் ஹெவசியும் எக்ஸ் கதிர் மூலம்தான் அதைப் பிடித்தார்கள். அதுதான் ஹஃப்னியம். எக்ஸ் கதிர் எப்படி இதற்குள் வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இரண்டாவது பதில், நிறை. ஒவ்வொரு மூலகத்தின் அணுவுக்கும் தனக்கே உரிய நிறை உண்டு என்று டோல்ற்றன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னார். சொல்வது எளிது, அளப்பது எளிதல்ல. அன்று தராசு தந்தது அணுவின் நிறையை அல்ல, சேரும் விகிதத்தை. 1 கிராம் ஐதரசனுடன் 8 கிராம் ஒட்சிசன் சேர்ந்து நீர் வருகிறது. நீரில் ஓர் ஐதரசன் அணுவும் ஓர் ஒட்சிசன் அணுவும் என்று டோல்ற்றனைப் போல எடுத்தால் ஒட்சிசனின் நிறை 8. இரண்டு ஐதரசன் என்றால் 16. சூத்திரம் தெரியாமல் நிறை தெரியாது, நிறை தெரியாமல் சூத்திரம் தெரியாது. இந்தச் சிக்கலில் அரை நூற்றாண்டு போனது. 1860இல் ஜெர்மனியின் கார்ள்ஸ்ரூவில் நடந்த மாநாட்டில் இத்தாலியரான கனிசாரோ, ஒரே வெப்பநிலையிலும் அமுக்கத்திலும் சம கனவளவு வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் உண்டு என்ற அவகாதரோவின் கருத்தைக் கொண்டு நிறைகளைச் சீராகக் கணிக்கும் வழியை முன்வைத்தார். மெண்டலீவும் லோதர் மேயரும் அந்த மாநாட்டில் இருந்தார்கள். அட்டவணை 1860க்குப் பிறகு பல நாடுகளில் பலர் கையில் ஒரே நேரத்தில் முளைத்ததற்குக் காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன். பிரான்சில் டி ஷான்கூர்ட்வா 1862இல், இங்கிலாந்தில் நியூலண்ட்ஸ் 1864 முதல், ஜெர்மனியில் மேயர் 1864இல் ஒவ்வொரு வடிவில் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே டொபரைனர் கல்சியம், ஸ்ட்ரோன்சியம், பேரியம் மூன்றையும் சேர்த்து வைத்து, நடுவில் உள்ளதன் நிறை மற்ற இரண்டின் சராசரிக்கு மிகக் கிட்ட வருகிறது என்று காட்டியிருந்தார். இன்றைய எண்களைப் போட்டுப் பாருங்கள்: 40உம் 137உம், சராசரி 88.5. ஸ்ட்ரோன்சியம் 87.6.

அப்படியானால் மெண்டலீவிடம் மட்டும் என்ன விசேடம்? அவர் நிறையை மட்டும் பார்த்து அடுக்கவில்லை. பாடநூலில் ஒரு வரியில் 'நிறையின் ஏறுவரிசை' என்று எழுதிவிடுவதால் இந்த முக்கியமான விடயம் மறைந்துபோகிறது. இந்தியம் என்ற உலோகத்தை எடுங்கள். 1863இல் கண்டுபிடிக்கப்பட்டது. ஒட்சிசனுடன் அது சேரும் விகிதத்திலிருந்து கிடைத்த சமவலு நிறை (8 கிராம் ஒட்சிசனுடன் சேரும் நிறை) ஏறத்தாழ 38. அதன் வலுவளவு (ஓர் அணு எத்தனை ஐதரசன் அணுவுக்கு ஈடாகச் சேரும் என்ற எண்) 2 என்று எல்லோரும் கருதியதால், இரண்டையும் பெருக்கி அணுத்திணிவு 76 என்று எழுதினார்கள். ஆனால் 76 என்றால் ஆசனிக்குக்கும் (75) செலனியத்துக்கும் (79) இடையில் போய் நிற்க வேண்டும். அங்கே அதற்கு இடமும் இல்லை, பக்கத்தில் இருப்பவற்றோடு குணமும் ஒத்துப்போகவில்லை. வலுவளவு 3 ஆக இருக்கலாம் என்று மெண்டலீவ் எடுத்தார். 38ஐ 3ஆல் பெருக்கினால் 114. கட்மியத்துக்கும் (112) வெள்ளீயத்துக்கும் (118) இடையில் ஒரு வெற்றிடம் இருந்தது. அங்கே அலுமினியத்தின் குடும்பத்தில் இந்தியம் கச்சிதமாக உட்கார்ந்தது. இன்று நாம் ஏற்கும் நிறை 114.8. இதே வழியில் யுரேனியத்தின் நிறையை 120இலிருந்து 240ஆக இரட்டித்தார், பெரிலியத்தின் நிறையை 14இலிருந்து 9ஆகக் குறைக்க வேண்டும் என்பதற்கும் ஆதரவாக நின்றார். இரண்டும் சரியாகவே வந்தன. நிறையைக் கொண்டு குணத்தைச் சோதித்தார், குணத்தைக் கொண்டு நிறையையே திருத்தினார். தம்பி கேட்ட 'அதிர்ஷ்டமா' என்பதற்கு இந்தக் கணக்கே பதில்.

வெற்றிடங்களும் அப்படி வந்தவைதான். 1869இல் தெரிந்த மூலகங்கள் 63. அலுமினியத்துக்குக் கீழே இருக்கவேண்டிய ஒன்றுக்கு 1871இல் அவர் முன்கூறிய நிறை ஏறத்தாழ 68, அடர்த்தி ஏறத்தாழ 5.9. 1875இல் பிரெஞ்சுக்காரரான லெகோக் டி புவாபோட்ரான் நிறமாலையில் புதிய கோடுகளைக் கண்டு கலியத்தைப் பிரித்தெடுத்தார். அவர் முதலில் அளந்த அடர்த்தி 4.7. மெண்டலீவ் அது 5.9க்குக் கிட்ட இருக்கவேண்டும் என்று சுட்டிக்காட்டினார். கண்ணால் பார்க்காத ஓர் உலோகத்தைப் பற்றி, அதைக் கையில் வைத்திருந்தவரிடம் சொன்னார்! மாதிரியை நன்றாகச் சுத்திகரித்து மீண்டும் அளந்தபோது 5.9 தான் வந்தது. 1879இல் ஸ்கண்டியம், 1886இல் ஜேர்மானியம் இரண்டும் அதேபோல வந்து சேர்ந்தன. ஜேர்மானியத்துக்கு அவர் சொன்ன நிறை 72, இன்றைய மதிப்பு 72.6.

அவர் சொன்னதெல்லாம் பலித்தது என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. ஐதரசனை விட இலேசான மூலகங்கள் உண்டு என்று பிற்காலத்தில் எழுதினார், அப்படி எதுவும் இல்லை. 1890களில் பிரித்தானிய இரசாயனவியலாளர் ராம்சேயும் கூட்டாளிகளும் கண்டுபிடித்த ஆகன், நியோன் குடும்பத்தை அவர் எதிர்பார்க்கவே இல்லை. ஆகன் என்பது மூன்று அணுக்கள் சேர்ந்த நைதரசனாக இருக்கலாம் என்று முதலில் சந்தேகப்பட்டார். தெலூரியம், அயடீன் விடயமும் அப்படியே. குணத்தின்படி அயடீன் குளோரீனுக்குக் கீழே வரவேண்டும், அதனால் தெலூரியத்தை முன்னும் அயடீனைப் பின்னும் வைத்தார். அது சரி. ஆனால் தெலூரியத்தின் நிறையைத் தவறாக அளந்திருக்கிறார்கள், உண்மையில் அது அயடீனை விடக் குறைவு என்றும் சொன்னார். அது பிழை. தெலூரியம் 127.6, அயடீன் 126.9, எத்தனை முறை அளந்தாலும் அதே எண்தான்.

கனவில் அட்டவணையைக் கண்டார் என்ற கதையையும் பலர் கேட்பார்கள். அது நண்பர் ஒருவர் வழியாக வந்த செவிவழிச் செய்தி, மெண்டலீவ் எழுதி வைத்தது அல்ல. மூலகங்களின் பெயரை அட்டைகளில் எழுதிச் சீட்டு அடுக்குவதுபோல் அடுக்கினார் என்பதும் அப்படித்தான். அந்த அட்டைகள் கிடைக்கவில்லை. கிடைத்திருப்பது, ஒரு பால்கட்டித் தொழிற்சாலையைப் பார்வையிடுவது பற்றி அவருக்கு வந்த கடிதத்தின் பின்பக்கத்தில் அவர் கிறுக்கிய எண்களும், அடித்துத் திருத்திய கையெழுத்து அட்டவணையும். பழைய ருஷ்ய நாட்காட்டிப்படி 1869 பெப்ரவரி 17. அடித்தல் திருத்தலோடு உள்ள அந்தத் தாள், கனவுக் கதையை விட எனக்கு மதிப்பானது.

இனி மையக் கேள்விக்கு வருகிறேன்: நிறை வரிசை ஏன் அணு எண் வரிசையோடு இவ்வளவு ஒத்துப்போனது? ஒரு பாடசாலையில் தரம் 1 முதல் 13 வரை உள்ள பிள்ளைகளை உயரத்தின்படி வரிசையில் விட்டால், அது பெரும்பாலும் வயது வரிசையாகவே வரும். அங்கங்கே ஓரிரண்டு பேர்தான் இடம் மாறி நிற்பார்கள். உயரம் வயது அல்ல, ஆனால் வயதோடு கூடுகிறது. அணுக்கருவில் புரோத்தன் கூடக்கூட, கரு உடையாமல் நிற்க நியூத்திரன் என்ற ஏற்றமற்ற துகளும் கூடவேண்டும். அதனால் புரோத்தன் எண்ணிக்கையோடு நிறையும் ஏறுகிறது. இடம் மாறி நிற்கும் சோடிகள் சிலதான்: ஆகனும் பொட்டாசியமும், கோபால்ட்டும் நிக்கலும், தெலூரியமும் அயடீனும், தோரியமும் புரொட்டக்ட்டினியமும். தெலூரியத்தில் நிறை 128, 130 கொண்ட சமதானிகள் (ஒரே மூலகத்தின் வெவ்வேறு நிறை கொண்ட அணுக்கள்) அதிகம், அயடீனில் இயற்கையாக இருப்பது 127 மட்டும். ஆகன் விடயம் இன்னும் சுவையானது. வளியில் உள்ள ஆகன் கிட்டத்தட்ட முழுவதும் நிறை 40 கொண்டது, அது பாறைகளில் உள்ள பொட்டாசியம்-40 சிதைந்து உண்டானது. தேயிலைக்குப் போடுகிற பொட்டாஷ் பசளையிலும் அதே பொட்டாசியம்-40 பத்தாயிரத்தில் ஒரு பங்களவு இருக்கிறது, அதில் சிதைபவற்றில் பத்தில் ஒன்று அளவு ஆகனாக மாறுகிறது. இந்தச் சிதைவு இல்லாவிட்டால் ஆகன் பொட்டாசியத்தை விட இலேசாகவே இருந்திருக்கும், அந்தச் சோடி தலைகீழாகியிருக்காது.

இதையெல்லாம் இன்று சுலபமாகச் சொல்கிறோம். 1900இல் சமதானி என்ற எண்ணமே இல்லை. அங்கேதான் நம் கற்கள் வருகின்றன. 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிய ஆய்வுப் பணிப்பாளராக இருந்தவர் ஆனந்த குமாரசுவாமி. பின்னாளில் கலை வரலாற்றுக்காக உலகம் அறிந்த அதே குமாரசுவாமிதான். 1877இல் கொழும்பில் பிறந்த தமிழர், புவியியலாளராகவே தொடங்கியவர். பண்டாரவளையிலிருந்து கொழும்பு பஸ்ஸில் போனால் பெரகலை, ஹல்துமுல்லை தாண்டி இறங்கும்போது வருகிற பலாங்கொடைப் பக்கத்து இரத்தினச் சரளையில் கறுப்பான, மிகக் கனமான, கனவடிவச் சிறு பளிங்குகள் அவர் காலத்தில் கிடைத்தன. 1904இல் அது புதிய கனியம் என்று உறுதியாகி, தோரியனைற்று என்று பெயர் பெற்றது. பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு, கூடவே யுரேனியம் ஒட்சைட்டு. கியூரி தம்பதியர் ரேடியத்தைக் கண்டுபிடித்து ஆறே வருடங்கள் ஆகியிருந்ததால் ஐரோப்பிய ஆய்வுகூடங்கள் இதை ஆவலோடு வாங்கின. இன்னும் அந்தப் பக்கம் இப்படிக் கல் கிடைப்பதுண்டு. கண்டால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரியவேண்டாம், அது கதிர்த்தொழிற்பாடு உள்ளது.

லண்டனில் ராம்சேயிடம் இளைஞராக வந்து சேர்ந்த ஒட்டோ ஹான், இலங்கைத் தோரியனைற்றிலிருந்து வந்த பேரியம் உப்பில் ரேடியம் பிரிக்கும் வேலையைப் பெற்றார். 1905இல் அதில் எதிர்பாராத ஒரு புதிய கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளைக் கண்டார், ரேடியோதோரியம் என்று பெயரிட்டார். புதிய மூலகம் என்றே எல்லோரும் கருதினார்கள். ஆனால் தோரியத்தோடு கலந்துவிட்டால் எந்த இரசாயன முறையாலும் அதைப் பிரிக்க முடியவில்லை. ரேடியோதோரியத்தின் அரைவாழ்வு (பாதி சிதைய எடுக்கும் காலம்) 2 வருடத்துக்கும் குறைவு, தோரியத்தின் அரைவாழ்வு 1,400 கோடி வருடம், ஆனாலும் இரசாயனத்தில் அணுவளவும் வித்தியாசமில்லை. இப்படிப்பட்ட பிரிக்க முடியாத சோடிகள் பல சேர்ந்த பிறகு, 1913இல் பிரெட்ரிக் சொடி, இவை வெவ்வேறு மூலகங்கள் அல்ல, அட்டவணையில் ஒரே இடத்தில் இருக்கும் ஒரே மூலகத்தின் வெவ்வேறு நிறை கொண்ட அணுக்கள் என்றார். ரேடியோதோரியம் என்பது இன்றைய கணக்கில் தோரியம்-228.

சொல்லிவிட்டால் போதாது, காட்டவேண்டும். தோரியம் சிதைந்து கடைசியில் ஈயமாகிறது, யுரேனியமும் அப்படியே. இரண்டு ஈயத்துக்கும் நிறை வேறாக இருக்கவேண்டும் என்று சொடியின் கருத்து முன்கூறியது. தோரியம் நிறைந்த, யுரேனியம் குறைந்த கனியம் வேண்டியிருந்தது. அவர் எடுத்தது தோரைற்று என்ற இன்னொரு இலங்கைத் தோரியக் கனியம். அதிலிருந்து பிரித்த ஈயத்தின் அணுத்திணிவு ஏறத்தாழ 207.7 என்று வந்தது, சாதாரண ஈயம் 207.2. யுரேனியக் கனியங்களிலிருந்து வந்த ஈயமோ 206க்குக் கிட்ட வந்தது. மூன்றும் ஈயம், மூன்றும் ஒரே குணம், நிறை மட்டும் வேறு. நிறை மூலகத்தின் அடையாளமாக இருக்க முடியாது என்பதற்கு இதை விட நேரடியான சான்று எனக்குத் தெரியாது. வகுப்பில் சமதானி பாடம் வரும்போதெல்லாம் புத்தகத்தில் உள்ள குளோரீன் உதாரணத்துக்கு முன் நான் இதைத்தான் சொல்வேன்.

அடையாளம் எது என்பதை அதே காலத்தில் ஹென்றி மோஸ்லி காட்டினார். ஒவ்வொரு மூலகமும் வெளியிடும் எக்ஸ் கதிரின் அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்தால், அது மூலகத்துக்கு மூலகம் சம அளவில் படிப்படியாக ஏறுகிறது. அந்தப் படியின் இலக்கம்தான் கருவின் ஏற்றம், அதாவது அணு எண். கோபால்ட்டும் நிக்கலும் நிறையில் தலைகீழாக நின்றாலும் இந்த ஏணியில் தம் இடத்தில் நின்றன. எந்தப் படிகள் காலி என்றும் சொல்ல முடிந்தது: 43, 61, 72, 75. மோஸ்லி 1915இல் கலிப்பொலிப் போரில் 27 வயதில் இறந்தார். 72ஆவது படியில் ஏறியதுதான் மேலே சொன்ன ஹஃப்னியம்.

75ஆவதைப் பற்றி ஒரு சர்ச்சை உண்டு, அதிலும் நம் கல் இருக்கிறது. ராம்சேயிடம் படித்த ஜப்பானியரான மசதகா ஒகாவா, தோரியனைற்றில் புதிய மூலகம் கண்டதாக 1908இல் அறிவித்து நிப்போனியம் என்று பெயரிட்டார். நிறை ஏறத்தாழ 100 என்று கணித்து 43ஆவது இடத்தில் வைத்தார். வேறு எவராலும் அதை மீண்டும் காட்ட முடியவில்லை, பெயர் அட்டவணையிலிருந்து போய்விட்டது. 43ஆவது மூலகமான தெக்னீசியம் 1937இல் செயற்கையாகத்தான் கிடைத்தது. பல பத்தாண்டுகள் கழித்து யொஷிஹாரா என்ற ஜப்பானிய இரசாயனவியலாளர், ஒகாவா தன் சேர்வைக்கு எடுத்த சூத்திரம் பிழை, சூத்திரத்தைத் திருத்தினால் நிறை 185 அளவில் வருகிறது, ஆகவே அவர் கையில் இருந்தது இரேனியம் என்று வாதிட்டார். இரேனியம் 75ஆவது, நிறை 186.2. மேலே இந்தியத்துக்கு நேர்ந்த அதே தடுமாற்றம் என்பதால் எனக்கு இந்த வாதம் நம்பத்தக்கதாகவே தெரிகிறது. ஆனால் ஏற்கப்பட்ட வரலாற்றில் இரேனியத்தைக் கண்டவர்கள் 1925இல் அறிவித்த நொடக், தாக்கே, பெர்க் என்ற ஜெர்மானியர்கள். பரீட்சையில் அதையே எழுதுங்கள்.

இப்போது 118 இடங்களும் நிரம்பிவிட்டன என்றாலும் அட்டவணையின் வடிவம் முழுக்கத் தீர்ந்துபோன விடயம் அல்ல. தோரியமும் யுரேனியமும் 1940கள் வரை ஹஃப்னியத்துக்கும் தங்ஸ்தனுக்கும் கீழே இருந்தன. அமெரிக்க இரசாயனவியலாளர் சீபோர்க் தான் அவற்றை எடுத்துத் தனி வரிசையில் வைத்தார். 3ஆம் கூட்டத்தில் (மேலிருந்து கீழான நிரலில்) ஸ்கண்டியம், இத்திரியத்துக்குக் கீழே லந்தனம் வரவேண்டுமா லுத்தேசியம் வரவேண்டுமா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. 2021இல் இரசாயனவியலுக்கான சர்வதேச ஒன்றியத்தின் (IUPAC) ஒரு குழு தற்காலிக அறிக்கையில் லுத்தேசியத்தின் பக்கம் சாய்ந்தது. உங்கள் வகுப்பறைச் சுவரில் உள்ள அட்டவணையும் பாடநூலும் இந்த இடத்தில் வேறுபட்டால் அச்சுப் பிழை என்று நினைக்கவேண்டாம், உங்கள் பாடத்திட்டம் எதை வைத்திருக்கிறதோ அதைப் பின்பற்றுங்கள். சோடிகள் தலைகீழாவது பற்றி வினா வந்தால் சமதானிகளின் வீதத்தைச் சொல்லி விளக்குங்கள். 'மெண்டலீவ் பிழை விட்டார்' என்று மட்டும் எழுதினால் புள்ளி கிடைக்காது.